வெள்ளிக்கிழமை ராகுகாலமும் தெற்கே போன கிருமிகளும்

1. பொட்டு வைத்த சேறு

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கன்னியப்பன் வாளியும் தேங்காய் நாருமாக லேபுக்குள் வந்து நின்றார். எங்கள் தாவரவியல் துறையின் அட்டெண்டர் அவர். நல்ல மனிதர், ஆனால் சுத்தம் என்று இறங்கிவிட்டால் கண்மண் தெரியாது. ஜன்னலுக்குக் கீழே நிழலில் வரிசையாக வைத்திருந்த என் சேற்று பாட்டில்களைக் காட்டி, "இத்தயெல்லாம் கொட்டிட்டுக் கழுவிடறேன்மா" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, தொடாதீங்க! ஒரு வருஷத்து வேலை அது."

"இன்னா வேலையோ! நாறிக்கினு கெடக்குது. நாளைக்கு சரஸ்வதிய இங்கதான வெச்சிக் கும்புடணும்? அந்த அம்மாவே மூக்கப் பொத்திக்கினு ஓடிப்பூடும்."

வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. அதனால் வழியை மாற்றினேன். "தச்சருக்கு உளி ஆயுதம், டிரைவருக்கு வண்டி ஆயுதம். எனக்கு இந்தச் சேறுதான் ஆயுதம். இதுக்கும் பூஜை உண்டு, இல்லியா?" என்று கேட்டேன். கன்னியப்பன் வாளியைக் கீழே வைத்தார். சாஸ்திரப்படி மறுக்க முடியவில்லை. மறுநாள் ஒவ்வொரு சேற்று பாட்டிலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கும் ஸ்லைடு பெட்டிக்கும் வைத்தார். என்னுடைய பார் மேக்னெட்டுக்கு, அதாவது நீளக் காந்தக் கட்டைக்கு, மட்டும் ஏனோ தனி மரியாதை: இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டையாக விபூதி பூசி, மேலே குங்குமத்தையும் அப்பிவிட்டார்.

அந்த விபூதியால்தான் நான் லெக்சரர் ஆனேன் என்று சொன்னால் இப்போது படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

2. என்ன வேலை, யாருக்காக

எழுபதுகளின் பின்பாதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். படிப்பு பி.எஸ்ஸி. லெக்சரர் ஆக எம்.எஸ்ஸி. வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படிக்க வீட்டில் வசதியில்லை. அப்பாவின் தறி வருமானத்தோடு என் சம்பளமும் சேர்ந்தால்தான் அடுப்பெரியும். அதனால் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து எம்.எஸ்ஸி. வாங்குவதற்கு, சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பதிவு செய்திருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் தீசிஸ் உள்ளே போகும். போடாவிட்டால் ஆயுசு முழுக்க அடுத்தவர் வகுப்புக்கு ஸ்லைடு துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் வெளிநாட்டில் கடலோரச் சேற்றில் ஒரு புதுமாதிரி பாக்டீரியாவைக் கண்டிருந்தார்கள். அதன் உடம்புக்குள் நுண்ணிய இரும்புத் துகள்கள் வரிசையாக இருக்கும். திசைகாட்டி முள்போல அது பூமியின் காந்தத்துக்குக் கட்டுப்பட்டு நீந்தும். பேராசிரியர் அந்தக் கட்டுரையை என்னிடம் கொடுத்து, "உங்க ஊர்ல குளம், ஏரி, ஆறு எல்லாம் பக்கத்துலயே இருக்கு. இது இருக்கா, இருந்தா எத்தனை வகைன்னு பாரு" என்றார்.

வேலை கேட்பதற்கு எளிது. தண்ணீருக்கடியில் இருக்கும் மேல்சேற்றை, அந்தத் தண்ணீரோடு சேர்த்து பாட்டிலில் பிடிக்க வேண்டும். மூடியைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வாரக்கணக்கில் விட வேண்டும். பிறகு சேற்றுக்குச் சற்று மேலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டில் வைத்து, குழி ஸ்லைடின்மேல் கவிழ்க்க வேண்டும். ஹேங்கிங் டிராப் என்போம். சொட்டுக்கு வலப்பக்கம் காந்தம், அதன் S முனை சொட்டைப் பார்த்தபடி. பூமியில் வடக்கே போகிற கிருமி, காந்தத்தின் S முனையைத் தேடி வரும். சொட்டின் வலது ஓரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். காந்தத்தைத் திருப்பினால் மொத்தக் கூட்டமும் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். செத்ததுகூடத் திரும்பும், ஆனால் ஓடாது.

முதல்முறை அந்தக் கூட்டம் திரும்பியதைப் பார்த்தபோது நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்று என் கையசைவுக்குக் கீழ்ப்படிகிறது. அந்தச் சந்தோஷத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை, பிற்பாடு கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆகியும்.

சேறெடுக்க நானேதான் போவேன். தென்னேரியில் முழங்கால் தண்ணீரில் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தபோது, கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இன்னாம்மா தேடற? கம்மல் எதனா வுட்டுட்டியா?"

"கிருமி தேடறேங்க."

"அத்தத் தேடிக்கினு பஸ் ஏறி வந்தியா? எங்க வூட்டாண்ட வாம்மா, கொடம் கொடமா தரேன்."

ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் தேடியதற்கு ஒன்றிரண்டுதான் அகப்பட்டன. பெரிய காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் பருத்த உருண்டைகள். சாயப்பட்டறைக் கால்வாயில் ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீரில் எது பிழைக்கும்? தென்னேரிதான் அள்ளிக் கொடுத்தது: உருண்டை, குச்சி, அவரைக்கொட்டை வடிவம். நல்ல அறுவடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. இடது ஓரம்

விஜயதசமியன்று பூஜையைப் பிரித்ததும், நல்ல நாளில் வேலையைத் தொட்டுவைப்போம் என்று தென்னேரி பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு போட்டேன். காந்தத்தை எடுத்தால் N, S எழுத்தே தெரியவில்லை, இரண்டு முனையும் ஒரே விபூதி. துடைத்தால் கன்னியப்பன் மனம் வருத்தப்படுவார். குத்துமதிப்பாக வைத்துவிட்டு வழக்கம்போல வலது ஓரத்தைப் பார்த்தேன்.

அங்கே உருண்டைகள் இல்லை. சுருள் சுருளாக, மெல்லிய திருகுபோன்ற உருவங்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. ஒரு வருஷத்தில் நான் ஒருமுறைகூடப் பார்க்காத ஆட்கள்.

பாட்டில் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "கன்னியப்பன், இதுல தீர்த்தம் கீர்த்தம் ஊத்துனீங்களா?" என்று சத்தம் போட்டேன். "பொட்டு மட்டுந்தாம்மா வெச்சேன், சாமி சத்தியமா" என்றார். பிறகுதான் காந்தத்தின்மேல் சந்தேகம் வந்து ஈரத்துணியால் துடைத்தேன். சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது N முனை. தலைமாற்றி வைத்திருக்கிறேன்.

சரியாகத் திருப்பி வைத்தேன். சுருள்கள் திரும்பி இடது ஓரத்துக்கு ஓடின. என்னுடைய பழைய உருண்டைகள் இடதிலிருந்து வலதுக்கு வந்து சேர்ந்தன.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அத்தனை நாளும் என் சொட்டின் இடது ஓரத்தில் இன்னொரு கூட்டம் தெற்கு நோக்கிப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எல்லாம் வடக்கேதான் போகும் என்று கட்டுரை சொன்னது. நானும் வடக்கு ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பாட்டிலாக இடது ஓரத்தைப் பார்த்தேன். கோயில் குளத்திலும் தெற்கே போகிறவை இருந்தன. தென்னேரியில் வகைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டன. வகை தேடுகிற வேலையில் இதைவிட வேறென்ன வேண்டும்? பெருமையோடு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

4. பேராசிரியர் சொன்னது

அவர் நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை.

"மைக்ராஸ்கோப் இடத்தை வலமாவும் வலத்தை இடமாவும் காட்டும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதையும் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான்..."

"ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க பண்ற தப்பும்மா இது. அதுவும் காந்தத்துக்கு விபூதி பூசி வெச்சேன்னு நீயே சொல்ற. வெளியில சொல்லிடாத, சிரிப்பாங்க."

"சார், ஒரு தடவை நீங்க வந்து பார்த்தீங்கன்னா..."

"எனக்கு நேரமில்ல. எல்லாம் வடக்கே போகுதுன்னு எழுது. இந்தச் சுருளெல்லாம் வேணாம், விட்டுடு. பொங்கலுக்குள்ள தீசிஸ் கொண்டா, கையெழுத்துப் போடறேன். இப்படியே எழுதிட்டு வந்தா போடமாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. விட்டுவிட்டால் டிகிரி நிச்சயம். நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினால் போதும், வேறு எந்த நஷ்டமும் யாருக்கும் இல்லை. ஆனால் கூட்டமாக ஓடியவற்றைக் கண்ணால் கண்டுவிட்டு இல்லை என்று எழுத என் கை ஒத்துக்கொள்ளாது. பிடிவாதக்காரி என்று வீட்டில் எனக்கு முன்பே பெயர் உண்டு.

மைக்ராஸ்கோப் தலைகீழாகக் காட்டுகிறது என்பதுதானே அவர் வாதம்? அந்த வாதம் நிற்க இடமில்லாமல் செய்ய வேண்டும். இயற்பியல் துறையிடம் கெஞ்சி இன்னொரு காந்தம் வாங்கினேன். தென்னேரி பாட்டிலின் ஒரு பக்கம் S முனை, எதிர்ப்பக்கம் N முனை உள்நோக்கி இருக்கும்படி, சேற்றுக்குச் சற்று மேலே, இரண்டு காந்தங்களையும் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு காந்தத்தின் அருகிலும் கண்ணாடியின் உட்புறம் லேசான மங்கல் படிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு. இரண்டையும் ஒரே ஸ்லைடின் இரண்டு குழிகளில் வைத்து, ஒரே காந்தத்தைக் காட்டினேன். ஒரு சொட்டில் இருந்தவை காந்தத்தை நோக்கி ஓடின. மற்றதில் இருந்தவை காந்தத்தைவிட்டு விலகி ஓடின. மைக்ராஸ்கோப் தலைகீழாகக் காட்டினால் இரண்டையும்தானே தலைகீழாகக் காட்ட வேண்டும்?

சோதனை தயார். பார்க்க வேண்டியவர்தான் வரவில்லை.

5. வெள்ளிக்கிழமை

கார்த்திகை மாதத்தில் எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "சரோஜா, வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர் வீட்டம்மாவோட வராரு. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணமாம், கூறைப்புடவை எடுக்கணுமாம். நீ நெசவு வீட்டுப் பொண்ணு, கூட நின்னு நல்லதா எடுத்துக் குடு."

கிருமி பார்க்க நேரமில்லாதவருக்குப் புடவை பார்க்க நேரம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனாலும் ஊருக்கு வருகிற விருந்தாளி, சரி என்றேன்.

காலை ஒன்பது மணிக்குக் கல்லூரிக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு கடைக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் கார் டயர் வெடித்து, அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மழைத் தூறல் வேறு. பேராசிரியரின் மனைவி காரிலிருந்து இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். கடைக்குப் போய் உட்கார்றதுக்குள்ள வந்துடும். கூறைப்புடவைய ராகுகாலத்துல கையால தொடமாட்டேன். பன்னெண்டு அடிக்கட்டும்."

"இதெல்லாம் பார்த்துக்கிட்டு..." என்று பேராசிரியர் ஆரம்பித்தார். அந்த அம்மாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"அதுக்குள்ள காமாட்சியம்மனைத் தரிசனம் பண்ணிட்டு வந்துடலாமே" என்றார் துறைத் தலைவர்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். உள்ள போனா பன்னெண்டுக்கு வெளியில வர முடியாது" என்று நான் குறுக்கே சொன்னேன். பொய்யில்லை. ஆனால் சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். "லேப்ல உட்காரலாம் சார். காபி கொண்டுவரச் சொல்றேன். அப்படியே ஒரு ஸ்லைடு பார்த்துடுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "நீ இன்னும் அதை விடலியா?"

"விடல சார்."

"பிடிவாதம்" என்று மனைவியிடம் சொன்னார், நான் அங்கே இல்லாததுபோல. ஆனால் வெளியே மழை, உள்ளே ராகுகாலம், அவருக்குப் போக இடமில்லை. வந்து உட்கார்ந்தார்.

அவர் எதிரிலேயே பாட்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் சொட்டெடுத்தேன். குழி ஸ்லைடில் வைத்தேன். "காந்தத்தை நீங்களே வெச்சிக்குங்க சார். எந்தப் பக்கம் வேணும்னாலும்."

காந்தத்தின் எழுத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, குனிந்தார். ஒரு குழியைப் பார்த்தார். ஸ்லைடை நகர்த்தி அடுத்த குழியைப் பார்த்தார். திரும்பவும் முதல் குழி. ஸ்லைடை எடுத்துத் தலைமாற்றி வைத்தார். காந்தத்தைத் திருப்பினார். பிறகு கையை நீட்டி, "டிராப்பர் குடு, நானே எடுக்கறேன்" என்றார்.

காபி வந்து ஆறிப்போனது. கன்னியப்பன் கதவோரம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இன்னும் ஆகவில்லை என்று நான் தலையசைத்தேன்.

"ஏங்க, நான் ஒரு தடவ பார்க்கட்டுமா?" என்று அந்த அம்மாள் எழுந்து வந்தார். பார்த்தார். நான் ஸ்லைடை நகர்த்திக் காட்டினேன். "அட, இதுல இருக்கறதெல்லாம் இப்படி ஓடுது. அதுல இருக்கறதெல்லாம் அப்படி ஓடுது. இதைச் சொன்னதுக்கா இந்தப் பொண்ணைத் திட்டி அனுப்பினேன்னு சொன்னீங்க?"

பேராசிரியர் நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "ஏன்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். இயற்பியல் துறையின் டிப் சர்க்கிளை முன்பே கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தேன். காந்த முள் பூமியை நோக்கி எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் கருவி அது. எங்கள் ஊரில் அந்த முள் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். வடமுனை கொஞ்சமாகத் தாழ்ந்திருக்கும்.

"அந்தக் கட்டுரை எழுதினவங்க ஊர்ல இந்த முள் தரையைக் குத்தற மாதிரி சாஞ்சி நிக்கும் சார். அங்க வடக்கே போறதுன்னா கீழே சேத்துக்குப் போறதுன்னு அர்த்தம். தெற்கே போனா மேலே ஏறி, காத்துப் பட்டுச் செத்துடும். அதனால வடக்கே போறது மட்டும்தான் அங்க மிஞ்சும். நம்ம ஊர்ல முள் படுத்துக் கெடக்குது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டும் பிழைக்கும். இது என் யூகம்தான் சார். ஆனா ரெண்டும் இருக்குதுங்கறது யூகமில்ல."

அவர் டிப் சர்க்கிளின் முள்ளை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

பன்னிரண்டு அடித்தது. அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கிளம்பலாமா?"

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் பேராசிரியர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கோயில் குளத்து பாட்டிலையும் பார்த்துடறேன்."

"பொண்ணு கல்யாணப் புடவைங்க!"

"புடவை உனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியல, அதான் பார்க்கறேன்."

அரக்குச் சிவப்பில், பெரிய கரை வைத்த புடவை ஒன்றை எடுத்தோம். நல்ல கனம், உடலையும் கரையையும் இணைக்கிற கோர்வை வேலையில் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு சேற்று பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் அவருக்காகக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தீசிஸ்ல ரெண்டு ஓரத்தையும் போடு" என்றார் பேராசிரியர். "எத்தனை வகை வடக்கே, எத்தனை தெற்கே, எந்தத் தண்ணில எதுன்னு தனித்தனியா எழுது. கையெழுத்துப் போடறேன்." பிறகு, "அன்னைக்கு நான் பார்க்காமலே சொல்லிட்டேன், சரோஜா" என்றார்.

அவ்வளவு பெரிய மனிதர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னார். அதனால்தான் அவரை இன்றும் என் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

6. வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் படங்களைப் புரட்டிவிட்டு முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்: "மைக்ராஸ்கோப் இடவலம் மாற்றிக் காட்டுமே, அதை யோசிச்சீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் சொன்னார்: "அந்தக் கேள்விய நானும் கேட்டேன் சார். கேட்டு அசிங்கப்பட்டேன். பதில் அவங்களே சொல்லட்டும்." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பயமில்லாமல் பதில் சொன்னேன். டிகிரி வந்தது. அதற்கடுத்த கல்வியாண்டில் அதே கல்லூரியில் லெக்சரர் ஆனேன். எங்கள் ஏரிச் சேற்றில் எத்தனை வகை இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்து எழுதியவள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். துணிச்சல், விடாமுயற்சி என்றெல்லாம் பெரிய வார்த்தை எனக்கு வராது. பிராக்டிகல் வகுப்பில் நான் கடைப்பிடித்ததை மட்டும் சொல்கிறேன். மாணவிகள் ஸ்லைடைப் பார்த்துப் படம் வரைந்து கொண்டுவருவார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை எவளாவது வரைந்திருந்தால், சிவப்பு மையால் அடிப்பது ஒரு நொடி வேலை. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது காற்றுக்குமிழியாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் ரிடையர் ஆகிற நாள்வரை, பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, அந்தப் பெண்ணின் மைக்ராஸ்கோப்பில் போய்க் குனிந்து பார்த்த பிறகுதான் எது தப்பு என்று சொன்னேன்.